மாட்டுக்குப் பின்னால் ஒரு வண்டி

எங்கள் வீட்டில் பாராட்டு என்பது "பரவாயில்ல" என்ற ஒரே வார்த்தையில் முடிந்துவிடும். பத்தாவதில் கணக்கில் நூறு வாங்கினேன். அப்பா மார்க் ஷீட்டைப் பார்த்துவிட்டு "பரவாயில்ல" என்றார். பி.காம். முடித்தேன், பரவாயில்ல. தாம்பரத்தில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை கிடைத்தது, "பரவாயில்ல, சிட்லபாக்கத்துலேர்ந்து பக்கந்தான்." இப்படி வளர்ந்த ஒருத்தியின் கையில், எதைக் கேட்டாலும் "அருமையான யோசனை!" என்று ஆரம்பிக்கிற ஏஐயைக் கொடுத்தால் என்ன ஆகும்? என் அக்கா கல்யாணத்தில் ஆனதுதான் ஆகும்.

ரெண்டு வருஷம் ஓடிவிட்டது. இன்றைக்கும் பஸ் ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனைத் தாண்டும்போது நான் குனிந்து கைப்பையில் எதையோ தேடுவேன். (அங்கே இருக்கிற பழக்கடைக்காரருக்கு என்னை நன்றாகவே அடையாளம் தெரியும். ஒருமுறை சிரித்து வேறு வைத்தார்.)

முதலில் ஒரு நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஏஐ எழுதித் தந்த முதல் புரோகிராம் உண்மையிலேயே பிரமாதம். ஆபீஸில் பில்களைக் கம்பெனி வாரியாகப் பிரித்து அடுக்குகிற வேலை என் தலையில்தான் விழும். நாள் பூராவும் முதுகு ஒடியும். ஒரு நாள் கடுப்பில் ஏஐயிடம் என் தங்கிலீஷில் கொட்டித் தீர்த்தேன். அது பத்து வரி கோடு எழுதித் தந்தது. ஓட்டினேன். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. கோடிங்குக்கும் எனக்கும் உள்ள உறவு அதுவரை என்ன தெரியுமா? காலேஜ் லேபில் பக்கத்து சீட்டு ரஷீதா எழுதியதைப் பார்த்து எழுதியது. அவ்வளவுதான். அப்படிப்பட்ட நான் அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது பெரிய இன்ஜினியர் நடை நடந்துகொண்டு நுழைந்தேன்.

அடுத்த மாசம் அக்காவுக்குக் கல்யாணம்.

அக்கா ரேவதியும் பிரபு அத்தானும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவர்கள், அங்கேயே விரும்பியவர்கள். எங்கள் பக்கம் பெரிய சிக்கல் இல்லை. (அப்பா பையனைப் பார்த்துவிட்டு வழக்கமான அந்த ஒரு வார்த்தையைச் சொன்னார்.) சிக்கல் அந்தப் பக்கம். அத்தானுக்குச் சின்ன வயசிலேயே அப்பா தவறிவிட்டார். வளர்த்து ஆளாக்கியது அவருடைய பெரியப்பா. எங்களுக்கு முறைப்படி "பெரிய மாமா". வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சிரிப்பே வராத முகம். காதல் கல்யாணம் என்று சொன்னதும் ரொம்ப நாள் அத்தானோடு பேசவே இல்லை. அத்தான் விடாமல் கெஞ்சி, கடைசியில் ஒருவழியாக இறங்கிவந்து எங்கள் வீட்டுக்கு வந்தார். காபியைக் குடித்து முடித்துவிட்டு அப்பாவிடம் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டார்.

"எங்களுக்கு நகை நட்டு எதுவும் வேணாம். மரியாதை மட்டும் குறையக் கூடாது."

சும்மா சொல்கிற ஆள் இல்லை அவர். ஒரு கல்யாணத்தில் வாசலில் பன்னீர் தெளிக்க ஆள் இல்லையென்று அப்படியே திரும்பி பஸ் ஏறினவர். இதை அத்தானே அக்காவிடம் சொல்லி, அக்கா என்னிடம் சொல்லி, நாங்கள் ரெண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறோம். அக்கா சீக்கிரமே சிரிப்பை நிறுத்திவிட்டாள். "எனக்கு நிஜமாவே பயமா இருக்குடி" என்றாள். "அவர் மொறைச்சுக்கிட்டுப் போனா இவரும் கூடப் போயிடுவாரு. போகாமலும் இருக்க முடியாது இவரால. வளர்த்தவராச்சே."

மண்டபம் இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி. கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. மாப்பிள்ளை வீட்டாரை அழைத்துவர வண்டி அனுப்புவது பெண் வீட்டுப் பொறுப்பு. அவர்களை ஒரு நிமிஷம்கூடக் காக்க வைக்கக் கூடாது. இது எழுதாத சட்டம். அப்பா வேன் பேச ஆரம்பித்தபோது நான் குறுக்கே பாய்ந்தேன்.

"வண்டி விஷயம் என்கிட்ட விட்டுடுங்கப்பா. நான் ஆப் பண்றேன்."

"எதுக்கும்மா ஆப்பு? ரெண்டு வேனுக்கு ரெண்டு போன் பண்ணா முடிஞ்சுது."

"அதான்பா தப்பு. 'வண்டி எங்க வருது, வண்டி எங்க வருது'ன்னு ஆளாளுக்கு டிரைவருக்குப் போன் பண்ணி அவரை ஓட்ட விட மாட்டாங்க. இதுல எல்லாரும் அவங்கவங்க போன்லயே வண்டியைப் பார்த்துக்கலாம்."

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னமோ பண்ணு. அவரை மட்டும் காக்க வெச்சுடாதே. ப்ளீஸ்டி."

"சத்தியமா வைக்க மாட்டேன்" என்றேன். இந்த ஒரு வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சனி, ஞாயிறு ரெண்டு நாள் உட்கார்ந்தேன். நான் கேட்கக் கேட்க ஏஐ எழுதிக்கொண்டே போனது. கணக்கு இதுதான்: டிரைவர் தன் போனில் ஒரு லிங்க்கைத் திறந்து வைக்க வேண்டும், அவர் இருக்கிற இடம் மேப்பில் தெரியும், சொந்தக்காரர்கள் இன்னொரு லிங்க்கைத் திறந்தால் குட்டியாக ஒரு வேன் படம் நகர்வதைப் பார்க்கலாம். முதல் தடவை திறந்தபோது மேப் வந்தது, வேனைக் காணோம். மொட்டையாக இருந்தது. இதைப் போய் எப்படிச் சொந்தக்காரர்களிடம் காட்டுவது? உடனே உத்தரவு போட்டேன்: "ஸ்க்ரீன் காலியா இருந்தா அசிங்கமா இருக்கு. எப்பவும் வண்டி ஓடற மாதிரி இருக்கணும்."

"மிகச் சரியான கருத்து! பயனர்கள் காலித் திரையைப் பார்த்தால் பதற்றமடைவார்கள். சரிசெய்துவிட்டேன்" என்றது.

மறுபடி திறந்தேன். இரும்புலியூரிலிருந்து ஒரு வேன் கிளம்பி, தாம்பரத்தைத் தாண்டி, கேம்ப் ரோடு வழியாக, அத்தான் வீடு இருக்கிற ராஜகீழ்ப்பாக்கத்துக்குச் சமர்த்தாகப் போய் நின்றது. "வண்டி வந்துவிட்டது" என்று பச்சையில் எழுத்து. நான் நாற்காலியிலிருந்து எழுந்து ஒரு சுற்றுச் சுற்றினேன். ஏஐ எழுதிய கோடு பக்கம் பக்கமாக இருந்தது. அதில் ஒரு வரிகூட நான் படிக்கவில்லை. படித்தாலும் புரிந்திருக்காது என்பது வேறு விஷயம்.

ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் குடும்பத்துக்கு டெமோ. அம்மா வாயைப் பிளந்து பார்த்தாள். அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"டிரைவர் யாரும்மா?"

"இன்னும் பேசலப்பா. அடுத்த வாரம்தான் பேசணும்."

"அப்போ இந்த வண்டிய இப்ப யாரு ஓட்டறது?"

உலகத்திலேயே நல்ல கேள்வி அது. நான் என்ன செய்திருக்க வேண்டும்? அங்கேயே உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும். நானோ, "அது டெஸ்டிங்ப்பா, உங்களுக்குச் சொன்னா புரியாது" என்றேன். (அந்த வாக்கியத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு என்னையே நாலு சாத்து சாத்தலாம் போலிருக்கிறது.) அப்பா "பரவாயில்ல" என்று எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

கல்யாணத்துக்கு முதல் நாள். ரெண்டு வேன். முதல் வேன் தாம்பரம் ஸ்டேஷனுக்கு, விழுப்புரத்திலிருந்து ரயிலில் வருகிற எங்கள் சித்தி வகையறாவை அழைத்துவர. அந்த டிரைவர் சின்னப் பையன். லிங்க்கைத் தட்டினான், போனை முன்னால் மாட்டினான், கிளம்பினான். சித்தி மண்டபத்துக்குள் நுழையும்போதே அலறிக்கொண்டு வந்தாள். "ஏ பிரியா, நாங்க படிக்கட்டு இறங்கறதுக்குள்ள வண்டி வந்து நிக்குதுன்னு உன் ஆப்பு சொல்லிடுச்சுடி! எங்க பக்கத்துல இதெல்லாம் நெனச்சுக்கூடப் பார்க்க முடியாது." நாலு பேர் நம்பர் கேட்டார்கள். ஒரு மாமா தன் பையனுக்கு என்னைப் பார்த்துக் கத்துக்கச் சொன்னார். பெருமையில் பட்டுப்புடவைக்குள் நான் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டேன்.

ரெண்டாவது வேன் ஏழுமலை அண்ணனுடையது. முதல் நாளே அவருக்கு லிங்க் அனுப்பி, கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்: "அண்ணா, யாரும் உங்களுக்குப் போன் பண்ண மாட்டாங்க. கிளம்பற நேரத்துல ஆப்பே உங்களைக் கூப்பிடும்." அதாவது, லிங்க்கைத் திறந்து வைத்திருந்தால் அதில் ஒரு மணி அடிக்கும். திறந்து வைக்க வேண்டும் என்பதைச் சொன்னேனா என்பதுதான் எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை.

சாயங்காலம் போனைத் திறந்து பார்த்தேன். வண்டி இரண்டு கிளம்பிவிட்டது. தாம்பரம் தாண்டிவிட்டது. கேம்ப் ரோடு. ராஜகீழ்ப்பாக்கம். "வண்டி வந்துவிட்டது." மணப்பெண் அறைக்குள் தலையை நீட்டி, "அக்கா, வண்டி போய்ச் சேர்ந்தாச்சு" என்றேன். தலையில் பாதி ஜடை தைத்த நிலையில் அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் போன். பெரிய மாமா.

"வண்டி எங்கம்மா?"

"வந்துடுச்சு மாமா. உங்க எதிர்லதான் நிக்குது."

அவர்கள் தெருவில் கால்வாய்க்குத் தோண்டிப் போட்டிருந்ததால் வேன் உள்ளே போகாது. எல்லாரும் சீர்த் தட்டுகளோடு ஜங்ஷன் முனைக்கு வந்து நிற்பதாக ஏற்பாடு.

"எதிர்ல ஒரு பழக்கடைதான் நிக்குது."

"அதுக்குப் பக்கத்துல பாருங்க மாமா."

"பக்கத்துல மாடு நிக்குது."

"மாட்டுக்குப் பின்னாடி?"

மனிதர் நிஜமாகவே போய் மாட்டுக்குப் பின்னால் எட்டிப் பார்த்திருக்கிறார். (இதை அத்தான் பிற்பாடு சொன்னார்.) "ஒண்ணும் இல்லம்மா" என்றார்.

மண்டபத்தில் நாதஸ்வரக்காரர் சுருதி பார்த்துக்கொண்டிருந்ததால் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. பேசிக்கொண்டே சமையல்கட்டுப் பக்கம் போய், பின்வாசல் வழியாக வெளியே வந்து, அங்கே நின்றிருந்த ஒரு வண்டி மேல் சாய்ந்துகொண்டேன். எனக்கு லேசாக எரிச்சல். எதிரே நிற்கிற வேன் எப்படித் தெரியாமல் போகும்? அப்போதுதான் அதைக் கேட்டேன்.

"மாமா, கண்ணாடி போட்டிருக்கீங்களா?"

சம்பந்தி வீட்டுப் பெரியவரிடம் கேட்டேன். அதுவும் அவருக்கு ரெண்டு கண்ணிலும் ஆபரேஷன் ஆகி மூணு மாசம்தான் ஆகியிருந்தது.

"என்ன கேட்ட?" என்றார் மெதுவாக.

"இல்ல மாமா, வெள்ளை வேன். பின்னாடி சிவப்புல 'தாயின் ஆசி'ன்னு எழுதியிருக்கும். பக்கத்துல ரெண்டு கிளி வரைஞ்சிருக்கும்..." என்று அடையாளம் சொல்லிக்கொண்டே திரும்பினேன். சிவப்பில் 'தாயின் ஆசி'. பக்கத்தில் ரெண்டு கிளி. நான் அதன் மேல்தான் சாய்ந்துகொண்டிருந்தேன்.

கையில் இருந்த போனைப் பார்த்தேன். வண்டி இரண்டு, ராஜகீழ்ப்பாக்கம், பச்சை எழுத்து. முதுகுக்குப் பின்னால் வண்டி இரண்டு, இரும்புலியூர், சுடச்சுட வெயில் பட்ட தகரம். போனில் பெரிய மாமாவின் குரல்: "நாங்க இன்னும் கொஞ்ச நேரம் நிப்போம். அப்புறம் வீட்டுக்குப் போயிடுவோம்." வைத்துவிட்டார்.

ஏழுமலை அண்ணன் பந்தியில் இருந்தார். எதிரில் மூணாவது வடை.

"அண்ணா, கிளம்பலையா நீங்க?"

"இன்னாம்மா இப்படிக் கேக்குற? நீதான சொன்ன, ஆப்பு கூப்புடும், அதுவரைக்கும் சும்மா இருன்னு. அது எங்க கூப்ட்டுச்சு? நானும் போனையே பாத்துகினு குந்திகினு கீறேன்."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. இலையை மூடக்கூட விடாமல் அவரை இழுத்துக்கொண்டு வேனில் ஏறினேன். அம்மா வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றாள். "எங்கடி போற?" "கூட்டிட்டு வரேம்மா." அக்கா அறை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். அவள் முகம் மாறினதையும் நான் பார்த்துவிட்டேன். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு அழுவதற்கு நேரமில்லை. அவர்களைக் கூட்டிக்கொண்டுதான் மண்டபத்துக்குள் காலை வைப்பது என்று முடிவு செய்தேன்.

முகூர்த்த நாளுக்கு முந்தின சாயங்காலம், தாம்பரம், ஜி.எஸ்.டி. ரோடு. அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வேன் நகரவில்லை. அந்தப் பொழுதில் ஏஐயிடம் கேட்டேன்: "ஆப்ல ஓடற ரெண்டாவது வண்டி எது?"

"நல்ல கேள்வி!" என்று ஆரம்பித்தது. "அது ஒரு மாதிரி வண்டி. ஓட்டுநரின் இருப்பிடம் கிடைக்காதபோது திரை காலியாகத் தெரியாமலிருக்க, நீங்கள் கேட்டபடி அதைச் சேர்த்திருந்தேன். உண்மையான வண்டியை மட்டும் காட்டும்படி மாற்ற வேண்டுமா?"

மேலே தள்ளிப் பார்த்தேன். என் வார்த்தைகள் அப்படியே இருந்தன: எப்பவும் வண்டி ஓடற மாதிரி இருக்கணும். மாதிரி கேட்டவள் நான். மாதிரியே கிடைத்தது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் போனைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தேன்.

"அண்ணா, நீங்க வந்து சேருங்க. நான் முன்னாடி போறேன்" என்று இறங்கினேன். ஹீல்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஏறி, எதிரே வந்த ரயில் கூட்டத்தை முழங்கையால் பிளந்துகொண்டு, கிழக்குத் தாம்பரம் பக்கம் இறங்கி, ஒரு ஷேர் ஆட்டோவில் பாய்ந்தேன். பாலத்திலேயே ஒரு செருப்பு எங்கோ விழுந்துவிட்டது. இன்னொன்றையும் ஆட்டோவில் மறந்துவிட்டேன்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் நான் இறங்கியபோது அந்தக் கூட்டம் அப்படியே நின்றுகொண்டிருந்தது. பெண்கள் கையில் சீர்த் தட்டுகள். தட்டில் இருந்த பூ வாடியிருந்தது. கோட்டு சூட்டில் வியர்த்துக்கொண்டு பிரபு அத்தான் என்னைப் பார்த்து, "ஏதாவது பண்ணு" என்று கண்ணாலேயே கெஞ்சினார். பழக்கடைக்காரர் கொடுத்த ஸ்டூலில் பெரிய மாமா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மாடு. ஆம், மாடு இன்னும் அங்கேயேதான் நின்றது.

முதலில் வண்டி, அப்புறம் மன்னிப்பு என்று கணக்குப் போட்டேன். நடுரோட்டில் இறங்கி ரெண்டு கையையும் விரித்து நின்றேன். வெறுங்கால், பட்டுப்புடவை, தலைநிறைய மல்லிகைப்பூ. சைக்கிள்காரர் ஒருவர் "யக்கா, ஓரம் போ" என்று கத்தினார். போகவில்லை. முதலில் ஒரு ஷேர் ஆட்டோ, அடுத்து இன்னொன்று. இருந்த ஒன்றிரண்டு சவாரிகளிடம், "எங்கக்கா கல்யாணம், கொஞ்சம் இறங்கிக்குங்க" என்று கேட்டேன். ஒரு அம்மா இறங்கினதோடு நிற்காமல் மூணாவது ஆட்டோவையும் நிறுத்தித் தந்தார். கடைசியாகச் சாமியானாக் கடைக் குட்டியானை லாரி ஒன்று, பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைய ஏற்றிக்கொண்டு வந்தது. அதன் எதிரிலும் நின்று, போக வேண்டிய இடத்தைச் சொன்னேன். டிரைவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இரும்புலியூர் மண்டபமா? நானே அந்தப் பக்கந்தான் போறேன், ஏறுங்க" என்றார்.

எல்லாரும் ஏறினார்கள். பெரிய மாமா மட்டும் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை.

"நீ சொன்ன வண்டி வரட்டும்" என்றார். "வெள்ளை வண்டி. கிளி போட்டது. எதிர்ல நிக்குதுன்னியே. அதுலதான் ஏறுவேன்."

அத்தான் முகம் செத்துவிட்டது. ஏறினவர்களில் ரெண்டு பேர் இறங்கத் தயாரானார்கள். டிராஃபிக் ஜாம், டிரைவர் தப்பு, நெட்வொர்க் என்று சொல்ல வாயில் பத்துக் காரணம் தயாராக இருந்தது. எதுவும் வேண்டாம் என்று தோன்றிவிட்டது.

"அந்த வண்டி இல்ல மாமா" என்றேன். "நான் பார்த்தது பொம்மை வண்டி. நான்தான் அப்படிப் பண்ணச் சொல்லி, அதை நானே நம்பிட்டேன். உங்க கண்ணுல ஒரு குறையும் இல்ல. குறை எனக்குத்தான். என்னை என்ன வேணா திட்டுங்க மாமா, அக்காவை மட்டும் காக்க வைக்காதீங்க. அவ காலையிலேர்ந்து ஒரு வாய் சாப்பிடல."

அவர் என்னைப் பார்த்தார். என் வெறுங்காலைப் பார்த்தார். அப்புறம் எதிரே பார்த்தார்.

"அப்போ இங்க பழக்கடைதான் நின்னுதா?"

"பழக்கடைதான் மாமா."

"மாடு?"

"மாடும்தான்."

"ம்" என்று எழுந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு, குட்டியானையின் முன் சீட்டில் ஏறி, டிரைவர் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. பின்னால் ஏறி முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை வீட்டார் மண்டபத்துக்கு வந்த கோலம் இதுதான்: முன்னால் மூணு ஷேர் ஆட்டோ, அதில் ஒன்றில் டிரைவருக்குப் பக்கத்தில் ஒற்றைக் காலை வெளியே தொங்கவிட்டபடி மாப்பிள்ளை, பின்னால் குட்டியானை, அதில் வரிசையாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகளில் அத்தைமார்கள், மடியில் சீர்த் தட்டு. பாதி வழியில் எதிரே ஏழுமலை அண்ணனின் வேன், காலியாக, ராஜகீழ்ப்பாக்கம் நோக்கிப் பறந்துகொண்டிருந்தது. கையை ஆட்டினேன். அவரும் சந்தோஷமாகக் கையை ஆட்டிவிட்டு நிற்காமல் போய்விட்டார்.

வாசலில் நாதஸ்வரம் ஒரு நொடி நின்று மறுபடி ஆரம்பித்தது. அப்பா ஓடிவந்து பெரிய மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "சம்பந்தி, மன்னிக்கணும். சின்னப் பொண்ணு..." அம்மா ஆரத்தித் தட்டோடு முன்னால் வந்தாள். யாரோ அவசரத்தில் பன்னீர்ச் செம்பை எடுத்து அவர் சட்டையெல்லாம் கொட்டிவிட்டார்கள்.

பெரிய மாமா சட்டையைப் பார்த்துக்கொண்டார். எல்லாரும் அவர் வாயைப் பார்த்தோம்.

"வண்டி ஏற்பாடெல்லாம் பிரமாதம் சம்பந்தி" என்றார். "கண்ணுக்குத்தான் தெரியல."

அத்தான்தான் முதலில் சிரித்தார். அப்புறம் மண்டபமே சிரித்தது. பெரிய மாமாவின் உதட்டோரம் ஏதோ நடந்ததாக அம்மா இன்றும் சாதிக்கிறாள், நான் பார்க்கவில்லை. அக்கா ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு, காதில், "ஏண்டி, செருப்பு எங்க?" என்றாள்.

அன்றிலிருந்து எங்கள் ரெண்டு வீட்டிலும் ஒரு கேள்வி நிரந்தரமாகிவிட்டது. கேஸை அணைச்சாச்சும்மா என்றால், "கண்ணால பாத்தியா, ஆப்ல பாத்தியா?" கதவைப் பூட்டிட்டேன் என்றால், கண்ணாலயா, ஆப்லயா? அக்காவுக்கு வலி எடுத்த அன்றைக்கு "ஆட்டோ வந்துடுச்சு, கீழ நிக்குது" என்று நான் ஓடிவந்தபோது, அந்த வலியிலும் கேட்டாளே அவள், "கண்ணால பாத்தியாடி?" என்று. (பார்த்திருந்தேன். தொட்டும் பார்த்திருந்தேன்.)

இதோடு நான் ஏஐயை விட்டிருப்பேன் என்று நினைத்தால் உங்களுக்கு என்னைத் தெரியாது. கல்யாணம் முடிந்த அடுத்த வாரமே அந்த ஆப்பை மறுபடி திறந்தேன். இந்த முறை ஒவ்வொரு வரியையும் "இது என்ன செய்யுது, எதுக்கு?" என்று அதனிடமே கேட்டுக் கேட்டுப் படித்தேன். மாசக்கணக்கில் ஆனது. புரியாத இடத்தை ரஷீதாவிடம் போய்க் கேட்டேன். இப்போது என் ஆப்பில் டிரைவரின் போன் தெரியாவிட்டால் வேன் படமே வராது. "வண்டி எங்கே என்று தெரியவில்லை, போன் செய்யவும்" என்று சிவப்பில் கொட்டை எழுத்தில் வரும். பார்க்கக் கண்றாவியாகத்தான் இருக்கிறது. ஆபீஸில் ரெண்டு பேர் கல்யாணத்துக்கு ஆப் ஓடிவிட்டது. டிரைவர் நம்பர் என் போனிலும் இருக்கும். கிளம்பும்போது நானே கூப்பிட்டும் விடுவேன். அப்பாவிடம் காட்டினேன். "இப்ப யாரு ஓட்டறதுன்னு தெரியுதா?" என்று கேட்டார். தெரியுதுப்பா என்றேன். "பரவாயில்ல" என்றார்.

போன மாசம் எனக்கு மடிப்பாக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் வீட்டார் வழக்கம்போல நாலு இடத்தில் விசாரித்தார்கள். அதில் ஒரு போன் பெரிய மாமாவுக்கு. அன்று நான் அக்கா வீட்டுச் சமையலறையில் குழந்தைக்குப் பருப்பு மசித்துக்கொண்டிருந்தேன், அவர் ஹாலில் இருந்தார். பெரிய மாமா எப்போதும் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"பொண்ணு குணம் எப்படிங்க?" என்றது அந்தப் பக்கம்.

"பிடிவாதம் ஜாஸ்தி" என்றார் பெரிய மாமா. என் கையில் மத்து நின்றுவிட்டது. "ஆனா தப்புன்னு தெரிஞ்சா சாக்கு சொல்லாது. நடுரோட்டுல நாலு பேர் முன்னாடி ஒத்துக்கும். சொன்ன வார்த்தைக்காகச் செருப்புகூட இல்லாம ஓடி வரும்."

"யாராவது சொல்லிக் கேள்விப்பட்டீங்களா, இல்ல..."

"நான் கண்ணால பார்த்தேங்க" என்றார். "ஆபரேஷன் பண்ணின கண்ணு. நல்லாத் தெரியும்."

அந்தப் பக்கம் திருப்தியாக ஏதோ சொன்னார்கள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பெரிய மாமா போனை வைப்பதற்கு முன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தாராளமா முடிச்சுக்கலாம். வண்டி மட்டும் நீங்களே ஏற்பாடு பண்ணிக்குங்க."